செடிகளுக்குக் கலியாண லீவு

என் மேசையில், பேனாக்கள் போட்டு வைக்கும் தகர டின்னுக்குப் பக்கத்தில், சில வருஷங்களாக ஒரு தேயிலை வேர்த்துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். ஒரு நுனி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வீட்டைக் கூட்டுகிற சனிக்கிழமைகளில் என் மனைவி அதைக் கையில் எடுத்து, இது வேணுமா என்று கேட்பாள். வேணும் என்பேன். வைத்துவிடுவாள். அது வேணும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் கேட்காமல் இருக்க மாட்டாள். அந்த வெட்டுமுகம் ஒரு காலத்தில் மை கொட்டியதுபோல் கறுநீலமாக இருந்தது. அதன்மேல் அயடீனை விட்டவன் நான்தான். கலியாண வேட்டியின் மடிப்புக்கூடக் கலையாத நாட்களில், மாமியாரின் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பாதிப்பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, ஒவ்வொரு சொட்டாக விட்டேன். அயடீனின் நிறம் நிலைக்காது. மெல்ல மெல்ல வெளுத்து, இப்போது அது வெறும் பழுப்புக் கட்டை.

அந்த நீலத்துக்குக் காரணமானவர் என் மாமி, அதாவது மனைவியின் அம்மா. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கலியாணமாகி வந்த நாள் முதல் கொழுந்து பறித்தவர். அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவருடைய பேச்சு. மாமி பேசுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுவார். ஹட்டனில் இறங்குவதற்குள் அந்த அம்மாவின் மருமகள் எப்படிப்பட்டவள் என்பதுவரை தெரிந்துகொண்டுவிடுவார். சிங்களக்காரச் சாமான் கடை முதலாளியிடம் சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகப் பேசுவார். அடுப்பு எரியவில்லை என்றால் அடுப்பிடம் பேசுவார். பேச ஆள் கிடைக்காத நேரம் தேயிலைச் செடிகளிடம் பேசுவார். நான் டிக்கோயாவில் வளர்ந்தவன். ஹட்டனில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் உப்புக் கேட்பதற்குக்கூட யோசித்துத்தான் வாய் திறப்பார்கள். பெண் பார்க்கப் போன அன்று மாமி பேசிய பேச்சில், என் அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் காதைத் தடவிக்கொண்டே வந்தார்.

மாமியிடம் ஒரு சொத்து இருந்தது. சொத்து என்று சொல்வது சரியில்லை, ஆனால் அவர் அப்படித்தான் நினைத்தார். தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபிறகு, சில மலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பராமரிக்கக் கொடுத்திருந்தார்கள். புல் பிடுங்குவதும் உரம் போடுவதும் பறிப்பதும் நாம். கொழுந்தைத் தோட்டத்துக்கே நிறுத்துக் கொடுக்க வேண்டும். செடியைக் கெடுத்தால் துண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். லயத்துக்கு மேலே பாறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு துண்டு மாமிக்குக் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் மற்றவன் மலையில் நிரை பிடித்துப் பறித்தவர், அந்தத் துண்டை "என் மலை" என்பார். அப்படிச் சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். எங்கள் கலியாணம் நிச்சயமானபோது சம்பந்திகளுக்கு அவர் முதலில் காட்டியது வீட்டை அல்ல, அந்த மலையைத்தான்.

எங்கள் கலியாணம் கேஸ் கிடைக்காத வருஷத்தில் நடந்தது. சிலிண்டருக்காக ஹட்டனில் வெயிலில் வரிசை நின்ற காலம் அது. மாமி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கலியாணச் சமையலுக்கான எரிபொருளைப் பெண்ணின் தாய்மாமன்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தாய்மாமன், மாமியின் தம்பி, தோட்டத்திலே கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டி மொட்டையாக்கிப் புதிதாகத் துளிர்க்க விடுவதுதான் கவ்வாத்து. வெட்டி விழுகிற குச்சிகளை மிலாறு என்பார்கள். மலையக அடுப்புகளுக்கு அதைப்போல் விறகு கிடையாது. கேஸுக்கு வழியில்லாத மாமன் தன் கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். அக்காவின் துண்டும் அந்த வருஷம் கவ்வாத்துக்கு வந்திருந்தது. மழையைப் பார்த்துப் பிறகு வெட்டியிருக்கலாம். ஆனால் தையில் வெட்டினால்தான் மாசிக் கலியாணத்துக்குள் மிலாறு காயும். இரண்டு பேருமாகச் சேர்ந்து பேசி, தை வெயிலில் மலையை மொட்டையடித்தார்கள். வழக்கமாக ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள். புதுத்துளிர் வரும்வரை செடி அந்தக் கிளையால் மூச்சு விட்டுச் சாப்பிடும். விறகு போதாது என்று அந்தக் கிளையையும் வெட்டிவிட்டார்கள். கலியாணச் சாப்பாடு பிரமாதம். ஆட்டுக்கறியைப் பற்றி என் சித்தப்பா இன்றைக்கும் பேசுகிறார்.

மறுவீட்டுக்குப் போனபோதுதான் மொட்டையடித்த அந்த மலையைப் பார்த்தேன். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. காசல்ரி நீர்த்தேக்கம் வற்றி, கரையில் செம்மண் வளையம் வளையமாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கத்துப் புல்மலையை யாரோ கொளுத்திவிட்டிருந்தார்கள். மாமியின் துண்டில் ஒரு பச்சை இல்லை. வெட்டுப்பட்ட கட்டைகள் மட்டும் வெயிலைப் பார்த்து நின்றன. துளிர் வர வேண்டிய காலம் தாண்டிக்கொண்டிருந்தது. வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து, மழைக்கு அப்புறமும் துளிர்க்காவிட்டால் துண்டை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லயத்தில் வேறொரு பேச்சும் ஓடியது. மருமகன் வந்த நேரம் மலை காய்ந்துபோச்சாம். என் மனைவி அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மாமி என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் ஆரம்பித்தார். பலகாரம், காப்பி, பிள்ளைகளுக்கு என்ன பாடம், பிரின்சிபல் நல்லவரா என்று எல்லாம் கேட்டார். மலை ஓரத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. ஒரு கட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மாமி பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை. என் கலியாணச் சோறு இவருடைய மலையை எரித்து வெந்த சோறு என்று தோன்றியது.

படிப்பிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு, எதைப் பார்த்தாலும் பாடம் ஞாபகம் வரும். அன்றிரவு புதுமாப்பிள்ளை படுத்துக்கொண்டு யோசித்தது வேரைப் பற்றி. இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்துதான் செடி காற்றிலிருக்கும் கரியை உள்ளே இழுத்து, வெயிலை அடுப்பாக்கிச் சீனி சமைக்கிறது. வாயைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதனால் வறட்சியில் செடி வாயை மூடிக்கொள்ளும். தண்ணீர் மிஞ்சும், சமையல் நின்றுவிடும். அப்போது அதைக் காப்பாற்றுவது முன்னாலே சமைத்து வேருக்குள் மாவாக இறக்கி வைத்திருப்பதுதான். இலையே இல்லாமல் மொட்டையாக நிற்கும் செடிக்கோ அந்த மாவைத் தவிர வேறு கதியில்லை. அதைக் கரைத்துத்தான் முதல் துளிரை விட வேண்டும். வேரில் மாவு இல்லாவிட்டால் மழை கொட்டினாலும் கட்டை கட்டைதான். ஆகவே மேலே பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. கீழே தோண்டிப் பார்க்க வேண்டும். தோட்டங்களிலேயே கவ்வாத்துக்கு முன்னால் வேரில் அயடீன் விட்டுப் பார்க்கிற முறை உண்டு. இந்த அவசரக் கவ்வாத்தில் அதற்கெல்லாம் யாருக்கு நேரமிருந்தது?

திங்கட்கிழமை பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து ஒரு சின்னக் குப்பியில் அயடீன் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன். மருமகன் மருந்து கொண்டுவந்திருக்கிறான் என்று லயத்தில் செய்தி பரவியது. மருந்து இல்லை, சோதனைதான் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. முதலில் குறுக்குப்பாதை ஓரத்தில் நின்ற ஒரு செடியின் வேரைத் தோண்டினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் வீட்டுத் தேத்தண்ணிக்கு என்று இணுங்கி இணுங்கி, வெட்டுப்படும் நாள்வரை அதில் இலை நிற்க விட்டதில்லை. வேரைச் சாய்வாகச் சீவி ஒரு சொட்டு விட்டேன். அயடீன் தன் மஞ்சள் பழுப்பிலேயே நின்றது. மாவு இருந்தால் கறுத்துவிடும், இதில் இல்லை என்றேன். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மாமியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏன்டா இந்த வேலையை ஆரம்பித்தோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு மலையின் நடுப்பகுதியில் ஒரு செடியின் வேரைத் தோண்டி, அதே கத்தியால் சீவி, அதே குப்பியிலிருந்து விட்டேன். விட்ட இடம் முதலில் ஊதாவானது. பிறகு நீலமானது. கண் முன்னாலே கறுத்து, வெட்டுமுகம் முழுவதும் பரவி நின்றது.

எனக்கே நம்ப முடியவில்லை. இன்னொரு செடி, இன்னொரு செடி என்று பார்த்தேன். பாறை ஓரத்தில் சில தவிர எல்லாம் கறுத்தன. இது எப்படி என்று விசாரித்தபோதுதான் கதை வெளியே வந்தது. கலியாணம் நிச்சயமானதிலிருந்து மாமி அந்த மலைப்பக்கமே போகவில்லை. வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகச் சொல்லப் போனார், சேலை எடுக்க ஹட்டனுக்குப் போனார், போன இடமெல்லாம் உட்கார்ந்து பேசினார். பறிக்காத கொழுந்து முற்றிக் காடாக நின்றது. மருமகன் கிடைத்ததும் மலை கண்ணில் படவில்லை என்று பெண்கள் கேலி செய்தார்கள். அந்த வாரங்களில்தான் விஷயம் நடந்திருக்கிறது. வறட்சி ஆரம்பத்தில் செடி உடனே பட்டினி கிடப்பதில்லை. முதலில் புதுக்கொழுந்து விடுவதைத்தான் நிறுத்தும். இருக்கிற இலைகளோ முடிந்தவரைக்கும் சமைத்துக்கொண்டிருக்கும். சமைத்ததைச் செலவழிக்கக் கொழுந்து இல்லை, பறித்துக்கொண்டு போக ஆளும் இல்லை; எல்லாம் வேருக்கு இறங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் கலியாணத்துக்குப் போயிருக்க, சட்டியில் சோறு அப்படியே இருந்ததுபோல.

இதை நான் சொல்லி முடித்ததும் மாமி என் கையிலிருந்த வேரை வாங்கிப் பார்த்தார். விரலால் தொட்டு, விரலில் ஒட்டிய நீலத்தையும் பார்த்தார். பிறகு, "அப்ப நான் சும்மா இருந்ததுதான் நல்ல வேலையா போச்சுங்களா மாப்புள்ள?" என்றார். ஆமாம் மாமி என்றேன். கேலி செய்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நாளும் அந்தப் பேச்சுக்குள் எவ்வளவு பயத்தை வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. செடி சமைக்கிற அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று யாரோ கேட்டார்கள். காற்றிலிருந்து, நாம் விடுகிற மூச்சிலும் அது இருக்கிறது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டுக்கிட்டீங்களாடி? நான் பேசுறதெல்லாம் செடிக்குச் சோறு. இனிமே என்னைய யாரும் வாய மூடுன்னு சொல்லப்படாது" என்றார். ஒரு ஆளின் மூச்சைக் காற்று எங்கேயோ அடித்துக்கொண்டு போய்விடும், அதில் ஒரு இலைக்குக்கூட உருப்படியாக ஒன்றும் தேறாது என்று கணக்கோடு சொல்ல என்னிடம் பாடம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபிறகு அந்தப் பாடத்தை நடத்த எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே சோறு இருக்கிறது, ஆனால் வெளியே வெயிலில் பட்டை தீய்ந்தால் துளிர் வர இடமிருக்காது. வெட்டிய மிலாறையே கட்டையின்மேல் பரப்பி நிழல் கொடுப்பது வழக்கம். மிலாறுதான் பிரியாணியாகிவிட்டதே. மானாப்புல் வெட்டிப் போடலாம் என்றால் புல்மலை எரிந்து கிடந்தது. மாமி எழுந்து வீட்டுக்குள் போனார். தகரப் பெட்டியைத் திறந்து தன் பழைய சேலைகளைக் கொண்டுவந்து, கலியாண வாழையின் நாரால் கட்டைகளுக்கு மேலே கட்ட ஆரம்பித்தார். நானும் மனைவியும் ஒரு பக்கம் பிடித்தோம். தாய்மாமன் கழி நட்டார். கொஞ்ச நேரத்தில் கேலி செய்த பெண்களில் ஒருவர் ஒரு சிவப்புச் சேலையோடு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது. பொழுது சாய்வதற்குள் மலை முழுவதும் சேலை. மஞ்சள், பச்சை, கத்தரிப்பூ நிறம், பூப்போட்டது, கட்டம் போட்டது. கீழே ரோட்டில் போன பஸ்ஸில் தலைகள் எட்டிப் பார்த்தன, என்ன திருவிழா என்று. கண்டாக்கையா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, மலைக்கும் கலியாணமா?"

"கலியாணம் முடிஞ்சிருச்சுங்க ஐயா. இப்ப லீவுல இருக்காங்க."

கண்டாக்கையா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மழை வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். மழை சித்திரை பிறந்தபிறகுதான் வந்தது. வந்த மறுவாரம் மாமியிடமிருந்து போன். வழக்கமாக அரைமணி நேரம் எடுப்பவர், வாங்க என்ற ஒரு சொல்லோடு வைத்துவிட்டார். போனோம். நனைந்து தொங்கிய சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். கட்டைகளின் பக்கவாட்டில், பட்டையைப் பிளந்துகொண்டு, அரிசி மணி அளவில் செம்பச்சையாகத் துளிர்கள் எட்டிப் பார்த்தன. பாறை ஓரத்தில் சில செடிகள் போய்விட்டன. பாதையோரத்துச் செடியும் போய்விட்டது. மற்றவையெல்லாம் துளிர்த்திருந்தன. மாமி ஒவ்வொரு செடியாகக் குனிந்து குனிந்து பேசிக்கொண்டே போனார். என்னைப் பற்றி ஓடிய பேச்சும் மழையோடு போய்விட்டது. மருமகன் கை ராசியான கை என்று அதே லயம் சொல்லத் தொடங்கியது. அதையும் நான் மறுக்கவில்லை.

அதிலிருந்து அந்தத் தோட்டத்தில் கவ்வாத்துக்கு முன்னால் செடியைப் பறிக்காமல் விடுகிற வாரங்களுக்குக் கலியாண லீவு என்று பெயர். கண்டாக்கையாகூடக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் அப்படித்தான் சொல்கிறார் என்று கேள்வி. இந்த வருஷம் மாமியின் துண்டு மறுபடி கவ்வாத்துக்கு வந்தது. ஆனால் மாமி இங்கே இல்லை. முழங்கால் ஏற்றத்துக்கு ஒத்துழைக்காமல், வத்தளையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் பல வாரம் பறிக்காமல் செடிகளுக்கு லீவு கொடுத்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு தினமும் ஏறிப் போய் அவற்றோடு பேசிவிட்டு வந்தார். அவர் போனபிறகு வெயிலும் ஆரம்பித்தது. வத்தளையில் கடல் காற்று நன்றாக இருக்கிறதாம், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கதவைத் திறப்பதில்லையாம். போனில் அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் தாய்மாமனும் மலைக்குப் போனோம். பயம் எனக்கு அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருந்தது. வேரைத் தோண்டிச் சீவி அயடீனை விட்டேன். கறுத்தது, முன்பைவிட வேகமாக. மாமன் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். இந்த முறை செடிக்கு ஒரு கிளை விட்டுவைப்பேன் என்று தானாகவே சொன்னார். மனைவி வத்தளைக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள். என்ன கலர் என்றுதான் முதல் கேள்வி. கறுப்பு, மாமி, நல்ல கறுப்பு என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. பிறகு, "போனக் கொஞ்சம் செடிகிட்ட வைங்க மாப்புள்ள" என்றார்.

குந்தி உட்கார்ந்து வைத்தேன். மாமி பேச ஆரம்பித்தார். வெயிலா இருக்கா, பயப்படாதீங்க, மாமன் பாத்து வெட்டுவான், நான் முழங்கால் சரியானதும் வந்துருவேன் என்று வரிசையாக. போனில் குரல்தான் வரும், மூச்சு வராது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேருக்குள் இருந்த மாவு, அவர் கம்பூன்றி ஏறி வந்த அந்த வாரங்களில் இறங்கியது. அது காற்றிலிருந்து வந்தது. அந்தக் காற்றில் அவரும் நின்று பேசியிருக்கிறார். இதற்குமேல் கணக்குப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில், செடிக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு, ஆமா மாமி, சரிங்க மாமி, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம் மாமி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உப்புக் கேட்க யோசிக்கிற குடும்பத்தில் பிறந்தவன், அன்று அரைமணி நேரம் ஒரு தேயிலைச் செடியோடு பேசினேன்.

அன்று சீவிய வேர்த்துண்டும் என் மேசைக்கு வந்துவிட்டது. பழையது பழுப்பாகவும் புதியது கறுநீலமாகவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நேற்றுச் சனிக்கிழமை. மனைவி கூட்டிக்கொண்டே வந்து இரண்டையும் கையில் எடுத்தாள். வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு, இரண்டையும் வாய்க்கு நேரே பிடித்து, மேலே இருந்த தூசியை மெல்ல ஊதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.